முப்பத்தேழு போன், ஒரு நடை

“ஒரே ஆள், ஒரே நேரத்துல, முப்பத்தேழு இடத்துல நடக்காங்க சார். அதைப் பாத்துட்டு வரத்தான் என்னை அனுப்பியிருக்காங்க.”

பாட்டுப் போன் கம்பெனியிலிருந்து வந்த பெண் இப்படிச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். கையும் களவுமாக மாட்டியவன் முதலில் சிரிக்கத்தான் செய்வான். அவள் சிரிக்கவில்லை. பெயர் மெர்லின், ஊர் தூத்துக்குடி, வயது முப்பதுக்குள் இருக்கும். லேப்டாப் பையைக்கூட இறக்கி வைக்காமல் கடை வாசலிலேயே நின்றாள். அவள் தலைக்கு மேலே என் போர்டு தொங்கியது. ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும். உரிமை: கோமதிநாயகம், சங்கரன்கோவில்.’

“உள்ள வாங்க. ஆவுடை, ஒரு காப்பி போடு” என்றேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. என் மனைவி ஆவுடை ஒரு காதில் இயர்போனோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்தது. மெர்லின் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த நடைதான் சார். ரோட்டுல வரும்போது எனக்கு எதிர்ல ஒரு கண்டக்டர் போனாரு, அவருக்கும் இதே இழுப்பு. பூக்கடையில ஒரு அம்மா, அவங்களுக்கும் இதே இழுப்பு. நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

என்ன பண்ணினேன் என்று சொல்வதற்கு முன்னால் காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் வந்ததைச் சிலைக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு ஆரம்பிக்க மறந்துபோகும். நடக்கத் தெரியும், கால் கிளம்பாது. விழுங்கத் தெரியும், தொண்டை கிளம்பாது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். புத்தியும் போயிருந்தால் நல்லது என்று நினைத்துக் கும்பிட்ட வீடுகள் உண்டு.

கம்பெனியின் பாட்டுப் போன் அப்போதுதான் மருந்தானது. அதற்கு முன் அது காலேஜ் பையன்கள் பஸ்ஸில் அலறவிடுகிற சாமான். அதன் இயர்போன், பாட்டுக் கேட்பவர் தலையாட்டுவதைக் கவனித்து அதற்கேற்றபடி அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கும். காதை ஒட்டி ஓடுகிற நரம்பின் துடிப்பைப் பிடித்து, அடுத்த அசைவுக்கு அரை நொடி முன்னால் ஒரு தாளம் கொடுத்தால், அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பு கிளம்பிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். கட்டையாகக் கிடந்தவர்கள் எழுந்து டீக்கடைக்குப் போனார்கள்.

ஒரே ஒரு வில்லங்கம் இருந்தது. தாளத்தைக் கணக்குப் போடும் வேலையைப் போன் தனியாகச் செய்யாது. பத்து நாளுக்கு ஒருமுறை அதைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அதுவும் முதலில் பதிந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் செருகலாம். நாங்கள் அதைத் தாய்ப்பெட்டி என்போம். வேறு கம்ப்யூட்டரில் செருகினால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும். எங்கள் ஊரில் வீட்டுக்கு நாலு போன் இருக்கும், கம்ப்யூட்டர் எத்தனை வீட்டில் இருக்கிறது? ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாகக் கொடுத்த போன்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பாட்டு ஏற்றுகிற என்னிடம் வந்தார்கள்.

“புதுசா ஒருத்தரைப் பதியணும்னா, அவங்க பாட்டில்லாம இருபது நிமிசம் நடந்து காட்டணும். அப்பதான் அவங்க தாளம் உருவாகும். ஆவுடை அக்காவுக்கு அது சரியா இருக்கு. மத்தவங்களுக்கு?” என்று கேட்டாள் மெர்லின்.

“ஆவுடைக்குக் காய்ச்சல் விட்டதுமே வாங்கிட்டேன். அப்ப நடந்தா. மத்தவங்களுக்குப் போன் கைக்கு வரும்போது எல்லாரும் கட்டில்ல கெடந்தாவ. கெடக்கிறவங்களை எங்கம்மா நடக்கச் சொல்ல?”

“அப்ப எப்படிப் பதிஞ்சீங்க?”

“காப்பி பண்ணினேன்.”

“எதை?”

“ஆவுடையை.”

இருபது வருடப் பழக்கம் அது. கல்யாண வீட்டுக்கு என்று ஒருவர் பாட்டு ஏற்ற வருவார். அவருக்குச் செய்த ஃபோல்டரை அப்படியே அடுத்த ஆளுக்கும் தட்டிவிடுவேன். முப்பத்தாறு போனிலும் என் மனைவியின் ஃபோல்டரைத் தட்டினேன். போனைப் பதியும் விண்ணப்பத்தில் உறவுமுறை கேட்டது. எல்லோரையும் ஒரே குடும்பம் என்று போட்டேன். ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தேன். முப்பத்தாறு பேரும் எழுந்து நடந்தார்கள், வலது காலை இழுத்துக்கொண்டு. ‘ஆவுடை அக்கா கோஷ்டி’ என்று பஜாரில் கேலி பேசினார்கள். ஆவுடைக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்கப்பா இந்தக் காலுக்காவ மாப்பிள்ளை கெடைக்காதுன்னு அழுதாரு. இப்ப ஊரே இந்தக் காலோட திரியுது” என்பாள்.

மெர்லின் காப்பியைத் தொடவில்லை.

“சார், திங்கக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்குப் புது மென்பொருள் வருது. உங்க பழைய கம்ப்யூட்டரை அது ஏத்துக்காது. எல்லாப் போனும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறணும். மாறும்போது காதையும் பேரையும் சரிபாக்கும். நிஜ ஆவுடை எதுவோ அந்தப் போன் மட்டும்தான் மிஞ்சும். பாக்கி முப்பத்தாறும் அழிஞ்சிரும்.”

“மறுபடி காப்பி பண்ணிக்கிடுதேன்.”

“முடியாது. ஒருத்தர் உடம்போட தாளம் இன்னொருத்தர் காதுல ஓடக்கூடாதுன்னு இப்ப சட்டமே வந்தாச்சு. நான் மேலே கேட்டுப் பாத்துட்டேன் சார். மூணு தடவை கேட்டேன்.” அவள் குரல் இறங்கியது. “ஒரே ஒரு விதிவிலக்குதான் இருக்கு. ஒருத்தர் இறந்துட்டா அவங்க தாளம் குடும்பத்துக்குச் சொந்தம். அவங்க போன் அழிஞ்சிரும், தாளத்தைக் கம்பெனியே வாரிசுங்க போனுக்கு அனுப்பிரும், அதுக்குப் பூட்டும் இருக்காது. ஞாபகத்துக்கு வெச்சுக்கட்டும்னு குடுத்தாங்க. நமக்கு அது எதுக்கு?”

ஆவுடை கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. தாய்ப்பெட்டியின் இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டால் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? பழைய மென்பொருளோடு பழைய பெட்டி அது பாட்டுக்கு ஓடட்டும். யார் போனில் சோதித்துப் பார்ப்பது என்று யோசித்தபோது கண்டக்டர் ஷேக் மைதீன்தான் முன்னால் வந்தார்.

“எம் போன்ல பாருங்க அண்ணாச்சி. எனக்கு இன்னைக்கு லீவுதான்.”

இயர்போனைக் கழற்றினாலோ கேபிளில் செருகினாலோ பாட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடம் உடம்பு பழைய வேகத்தில் ஓடும். அந்த நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மைதீன் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை எடுத்துக்கொண்டார். நான் செருகினேன். ‘பொருந்தாத கணினி’ என்று வந்தது. இன்டர்நெட் இல்லாத பெட்டியைப் போன் தன் தாய்ப்பெட்டியாக ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்து ‘தகவல்கள் நீக்கப்பட்டன’ என்று வந்தது. அவ்வளவுதான்.

நான் திரும்பிப் பார்த்தபோது டீ கிளாஸ் மைதீன் கையில் சாய்ந்திருந்தது. கொதிக்கிற டீ தொடையில் வழிந்துகொண்டிருந்தது. அவரால் ‘ஆ’ என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. நான் கிளாஸைப் பிடுங்கி எறிந்தேன். அவர் மனைவி பாத்துமுத்து ஓடி வந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “ஏதாவது பண்ணுங்க அண்ணாச்சி. பிள்ளைவளுக்கு நான் என்ன சொல்லுவேன்?” என்றாள். ஞாயிறு முழுவதும் அவள் கரண்டியில் கஞ்சி ஊற்றியதும், அது அப்படியே கடைவாயில் வழிந்ததும் எனக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்தது. நான் அவர்கள் தெருப்பக்கமே போகவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு லைன் போய்விட்டது.

“நீ தப்பிச்சிருவ, ஆவுடை. அதை நெனைச்சுச் சந்தோசப்படு” என்று ஞாயிறு மத்தியானம் ஆவுடையிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன்.

அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “கேட்டியளா, நம்ம ரெண்டு பேரும் மட்டும் நடந்து எங்க போகப் போறோம்?”

“அதுக்காவ என்ன செய்யச் சொல்லுத?”

“நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பிள்ளை ஏதோ வாரிசுன்னு சொல்லிச்சே, அதை நல்லா வெவரம் கேட்டியளா?”

எனக்கு வந்த கோபத்தில் தட்டு பறந்தது. “செத்துப் போறதுக்கு வெவரம் கேக்கியா? உனக்குக் கிறுக்கா?” என்று கத்தினேன். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் நான் தட்டை எறிந்தது அதுதான் முதல் தடவை. அவள் சோற்றைக் கூட்டி அள்ளினாள். காதில் தாளம் ஓட ஓட, ஒவ்வொரு பருக்கையாக.

திங்கட்கிழமை மெர்லினை அழைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போனேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். வாங்க மட்டும்தான் செய்தார்கள். திரும்பி வரும்போது மணி ஐந்தரை. மெர்லின் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டாள். “ஆறு மணிக்கு அங்க இருக்க எனக்குத் தைரியம் இல்ல சார்” என்றாள்.

கடை வாசலில் கோஷ்டி மொத்தமும் கூடியிருந்தது. போன் நின்றுபோகும்போது ஒன்றாக இருப்போம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெஞ்சிலும் படியிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், விறைத்துக் கீழே விழுந்து மண்டை உடையாமலிருக்க. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றிருந்தார். மைதீனை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள்.

“மதினி உள்ள கம்ப்யூட்டர்ல ஏதோ பாத்துக்கிட்டு இருக்காவ” என்றாள் பாத்துமுத்து.

உள்ளே ஓடினேன்.

ஆவுடை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பிடுங்கியிருந்த இன்டர்நெட் ஒயரை மறுபடி மாட்டியிருந்தாள். அவள் போன் கேபிளில் செருகியிருந்தது. இயர்போன் மேசைமேல் கிடந்தது. திரையில் ஒரு விண்ணப்பம் திறந்திருந்தது. பயனர் பெயர் ஆவுடையம்மாள். நிலை: இறந்துவிட்டார். வாரிசுகள் முப்பத்தாறு. கீழே ‘உறுதி செய்’ என்ற பொத்தான். சுட்டுவிரல் மவுஸின்மேல் இருந்தது. அது அழுத்தவில்லை. போன் செருகியிருந்தால்தான் விண்ணப்பம் திறக்கும். அதுவும் நீளம், அவளிடம் இருந்ததோ ஒன்றரை நிமிடம். கடைசிப் பொத்தானுக்கு வரும்போது நேரம் முடிந்துவிட்டிருக்கிறது.

“ஆவுடை” என்றேன். கண்மணி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு திரையைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்க்கவே இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தொன்று. நான் கேபிளைத்தான் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் பிடித்தேன். இழுத்தால் போதும், இயர்போனைக் காதில் வைத்தால் எழுந்து என்னைத் திட்டுவாள். ஆறு மணிக்குப் பிறகும் நடப்பாள், சாப்பிடுவாள், பேசுவாள். அவள் ஒருத்திக்காகத்தான் நான் இந்த எழவெடுத்த போனையே முதலில் தொட்டேன். ஊரைப் பற்றி எனக்கென்ன? நான் என்ன பெரிய தியாகியா? பாட்டு ஏற்றுகிறவன்.

வெளியே ஒரு கைக்குழந்தை அழுதது. பூக்கடை அம்மாவின் பேரன். அவள் ஏதோ சொல்லி அதைச் சமாதானப்படுத்துகிற சத்தம் கேட்டது. ஆவுடையின் தாளத்தில் எழுந்து நடமாடிய பிறகு அந்த அம்மா எடுத்து வளர்க்கிற குழந்தை அது. ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் வராது.

நான் கேபிளை விட்டேன். ஆவுடையின் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். அவள் விரல் சூடாக இருந்தது.

முப்பத்தாறு போனும் ஒன்றாக ஒரு மணியடித்தன. வெளியே பாத்துமுத்துவின் அலறல் கேட்டது, சந்தோஷ அலறல். மைதீன் காதில் தாளம் திரும்ப வந்துவிட்டது. அவர் எழுந்துவிட்டார். சிரிப்பும் அழுகையுமாக எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஆவுடையைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. பாத்துமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்து ஆவுடையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் புது அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. அழுகைக்கு நடுவே நான் அதைப் படித்தேன்.

‘எங்கள் ஆழ்ந்த இரங்கல். வாரிசுகளுக்கு முப்பது நாள் தற்காலிக அனுமதி வழங்கப்படுகிறது. அதற்குள் அரசுப் பதிவேட்டில் மரணம் பதிவாகாவிட்டால் அனுமதி தானாகவே ரத்தாகும்.’

மெர்லினைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தாள். “எனக்கு இது தெரியாது சார், அம்மா சத்தியமா தெரியாது” என்றாள்.

“போலிச் சர்ட்டிபிகேட் ஒண்ணு குடுத்தா?”

“காகிதத்தை அவங்க பாக்கவே மாட்டாங்க சார். நேரா பதிவேட்டுலதான் பாப்பாங்க. அங்க பதியணும்னா கைரேகை வெச்சு, டாக்டர் வந்து பாக்கணும்.”

“அப்ப இதை ரத்து பண்ணிரு. அவளையாவது திருப்பிக் குடு.”

“ரத்து பண்ணலாம் சார்” என்றாள். “ஆனா அக்காவோட தாளம் திரும்ப வராது. அவங்க போன்ல அழிஞ்சது அழிஞ்சதுதான். இறந்தவங்க காதுன்னு பதிவாயிட்டதால, வேற எந்தப் போனும் அவங்களுக்குப் பாடாது. ரத்து பண்ணினா மத்த முப்பத்தாறும் போவும், அவ்வளவுதான்.”

மைதீனின் போனைக் கொண்டுவந்து ஆவுடை காதில் வைத்துப் பார்த்தோம். அது ஊமையாகிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டோம். வெறும் பாட்டாக ஓடியது. அவள் நரம்பைக் கேட்டுத் தாளம் சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

திருநெல்வேலியிலிருந்து டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் போட்டார். “எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க. நெஞ்சுல சளி கட்டாமப் பாத்துக்கோங்க. திருப்பித் திருப்பிப் படுக்க வைங்க” என்றார். கோஷ்டி முறை போட்டுக்கொண்டு வந்தது. ஒருவர் துடைத்துவிட்டார், ஒருவர் துணி துவைத்தார். பாத்துமுத்து காலையும் மாலையும் கஞ்சியை வடிகட்டிக் கொண்டுவந்தாள். முப்பது நாள் கெடு எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருக்க எல்லோரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை நான் பார்த்தேன்.

பத்தாம் நாள் ஒருமுறை மூச்சு இழுத்தது. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் அழுதார்கள். அழுகை நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊசி போட்டதும் சரியாகிவிட்டது.

இருபதாம் நாளுக்குப் பிறகு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். பூக்கடை அம்மா பூவைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு, உள்ளே வராமலே போனாள். ஆவுடையின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அவளை என்ன குறை சொல்ல?

இன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். காலை ஏழு மணிக்குப் பாத்துமுத்து கஞ்சித் தூக்குவாளியோடு வந்தாள். பின்னால் ரோட்டில் மைதீன் டூட்டிக்குக் கிளம்பி நின்றிருந்தார், காக்கிச் சட்டையோடு.

“மதினி எப்படி இருக்காவ, அண்ணாச்சி?”

“நல்லா இருக்கா. ராத்திரி நல்லாத் தூங்குனா. சளிகூடக் கொறைஞ்சிருக்கு” என்றேன்.

பாத்துமுத்துவின் முகம் வாடியது. ஒரு கண்ணிமைக்கிற நேரம்தான். உடனே அதை அவள் தெரிந்துகொண்டாள். உதடு கோணியது, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தூக்கைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் வருவதற்கு முன்னால், விடியும்போது நானும் ஆவுடையின் மூக்கருகில் கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு ஒழுங்காக வந்தது. அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்க அறையில் வேறு யாரும் இல்லை. அவள் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.